கூப்பிடும் முட்டை: தமகோச்சியின் கதை

1996 நவம்பர் 23ஆம் திகதி யப்பானில் பண்டாய் என்ற விளையாட்டுப் பொருள் கொம்பனி ஒரு பிளாஸ்ரிக் முட்டையைச் சந்தைக்கு விட்டது. விலை 1,980 யென். உள்ளங்கைக்குள் அடங்கும், சின்னச் சங்கிலியில் கொழுவிப் பையில் தொங்கவிடலாம். நடுவில் ஒரு திரை, கீழே மூன்று பட்டன். திரைக்குள் ஒரு முட்டை பொரிக்கும், குஞ்சு வெளியே வரும், பசிக்குது என்று கீச்சிடும். அவ்வளவுதான். அடுத்த வருடம் மே மாதம் அது யப்பானுக்கு வெளியிலும் போனது. முதல் அலை ஓய்வதற்குள் ஏறத்தாழ 4 கோடி விற்றுவிட்டது. அதன் பெயர் தமகோச்சி.

நாங்கள் யாரும் அப்போது பிறக்கவேயில்லை. எங்களில் கனபேருக்குத் தெரிந்தது பிறகு வந்த மலிவு நகல்கள்தான். ஒரே முட்டைக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மிருகங்கள் இருக்கு என்று மட்டையில் எழுதியிருக்கும் அந்தச் சாமான்கள். பிறகு ஏன் இதைப் பற்றி எழுதவேண்டும்? இன்று எங்கட போன் ஒரு நாளைக்கு எத்தனை தரம் எங்களைக் கூப்பிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சின்ன யந்திரம் மனிசரைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் மனிசர் செய்யிற வேலையை விட்டுவிட்டு வருவார்கள் என்பதைப் பெரிய அளவில் முதலில் காட்டியது இந்த முட்டைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். அதன் வரலாறு ஒருவகையில் எங்கட நேரத்தின் வரலாறும்கூட.

கல்லும் நாய்க்குட்டியும்

உயிரில்லாத ஒன்றைச் செல்லப்பிராணி என்று விற்கும் யோசனை புதிதல்ல. 1975இல் கலிபோர்னியாவில் விளம்பரத் தொழிலில் இருந்த கேரி டால் என்பவர் சாதாரணக் கல்லை ஒரு பெட்டிக்குள் வைத்து, வளர்ப்பது எப்படி என்று ஒரு கையேட்டையும் சேர்த்து விற்றார். அது ஒரு பகிடி. வாங்கியவர்களுக்கும் அது பகிடி என்று தெரியும். கல்லுக்குச் சாப்பாடும் தேவையில்லை, தண்ணியும் தேவையில்லை. 1995இல் கணினித் திரையில் ஓடித்திரியும் நாய்க்குட்டியாக 'டொக்ஸ்' என்ற மென்பொருள் வந்தது. அது வாலாட்டும், தடவினால் சந்தோசப்படும். ஆனால் அது சாகாது, மேசையை விட்டு எங்களுடன் வரவும் வராது.

இந்த இரண்டிலும் இல்லாத ஒன்றைத்தான் தமகோச்சி கொண்டுவந்தது. அதற்குத் தேவைகள் இருந்தன. அந்தத் தேவைகள் உங்கள் வசதிக்குக் காத்திருக்கவில்லை. பார்க்காமல் விட்டால் அது செத்துப்போகும்.

இதை உருவாக்கியவர்களாக இரண்டு பேரைச் சொல்வார்கள். ஒருவர் விஸ் என்ற கொம்பனியின் அகிஹிரோ யொகோய். மற்றவர் பண்டாயில் வேலைசெய்த அகி மாய்தா. யொகோயின் முதல் யோசனையில் அது கையில் கட்டும் மணிக்கூடு. பிறகுதான் சங்கிலியில் தொங்கும் முட்டையாக மாறியது. பெயரில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது: 'தமகோ' என்றால் முட்டை, பின்பாதி 'வோச்' என்ற ஆங்கிலச் சொல்லின் யப்பானிய உச்சரிப்பு. மாய்தா அதன் மாதிரிகளை டோக்கியோவின் ஷிபுயாப் பகுதிக்குக் கொண்டுபோய், அங்கு கூடும் பாடசாலைப் பெண் பிள்ளைகளிடம் காட்டி, எது பிடிக்கும் என்று கேட்டறிந்தார்.

முட்டைக்குள் என்ன இருந்தது

தொழில்நுட்பமாகப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. 4 பிற்றில் இயங்கும் ஒரு மலிவான சில்லு, இரண்டு பொத்தான் பற்றரி, அகலத்தில் 32, உயரத்தில் 16 என்று புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. மொத்தம் 512 புள்ளிகள். இப்போது நாங்கள் அனுப்பும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் இருக்கும்.

ஆனால் அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு மணிக்கூடு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. முட்டையை இயக்கி ஐந்து நிமிடத்தில் குஞ்சு பொரிக்கும். எங்கட ஒரு நாள் அதற்கு ஒரு வயது. பசிக்கு நான்கு இதயம், சந்தோசத்துக்கு நான்கு இதயம். நேரம் போகப் போக அவை ஒவ்வொன்றாக வெறுமையாகும். சாப்பாடு கொடுக்கவேண்டும். பக்கத்தில் அது போட்டுவைக்கும் மலத்தைத் துப்புரவாக்கவேண்டும். நித்திரை கொண்டால் விளக்கை அணைக்கவேண்டும். வருத்தம் வந்தால் மருந்து. இடைக்கிடை ஒரு சின்ன விளையாட்டு: அது இடப்பக்கம் திரும்புமா வலப்பக்கம் திரும்புமா என்று ஊகிக்கவேண்டும். தின்பண்டம் கொடுத்தால் உடனே சந்தோசம் கூடும், ஆனால் நிறையும் கூடும்.

கூப்பிட்டுக் கால் மணித்தியாலத்துக்குள் நீங்கள் போகவில்லை என்றால் முட்டை அதை ஒரு தவறாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். அதை அது வெளியில் சொல்லாது. சில நாட்கள் கழித்து, வளர்ந்து என்னவாக மாறுகிறது என்பதில்தான் அந்தக் கணக்குத் தெரியவரும். நன்றாகக் கவனித்த பிள்ளைக்கு 'மமெச்சி' என்ற கெட்டிக்காரப் பாத்திரம் கிடைக்கும். கவனிக்காமல் விட்டவருக்குக் கிடைப்பது சீக்கிரம் சாகக்கூடிய 'நியோரோச்சி' போன்ற ஒன்று. ஆக, இது தோற்றம், வெற்றி என்ற கணக்கு இல்லை. நீங்கள் எப்படிப்பட்ட வளர்ப்பாளர் என்று முட்டை போட்ட புள்ளி.

இன்னொரு விசயமும் இருக்கிறது. சில நேரம் அது பசியும் இல்லாமல், வருத்தமும் இல்லாமல் சும்மாவே கூப்பிடும். அப்போது ஏசிக் கண்டிக்கவேண்டும். அதற்கும் ஒரு படம் இருந்தது. தேவையில்லாத அழைப்பைத் தேவையில்லாதது என்று அடையாளம் காண்பதும் வளர்ப்பின் ஒரு பகுதி என்று அந்தப் பொம்மை சொல்லித் தந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

யார் வளர்த்தது?

பாடசாலைப் பெண் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த பொருள் இது. 1997 ஜூனில் அதே பண்டாய் 'டிஜிமொன்' என்ற இன்னொரு கருவியை விட்டது. அதையும் தீத்தவேண்டும், துப்புரவாக்கவேண்டும். ஆனால் வளர்த்த மிருகத்தை இன்னொருவரின் மிருகத்துடன் இணைத்துச் சண்டை பிடிக்க வைக்கலாம். அது ஆண் பிள்ளைகளுக்கு. பெண்ணென்றால் வளர்க்க வளர்ப்பு, ஆணென்றால் சண்டைக்கு வளர்ப்பு என்ற பிரிவினையைப் பொம்மைக் கடை எவ்வளவு இலகுவாகச் செய்துவிடுகிறது! இன்று கார்ட்டூன் வழியாக டிஜிமொனைத் தெரிந்த பலருக்கு அது தமகோச்சியின் தம்பி என்பது தெரியாது.

விரைவிலேயே வகுப்புகளுக்குள் முட்டைகள் கீச்சிடத் தொடங்கின. பல நாடுகளில் பாடசாலைகள் அதைத் தடைசெய்தன. பிள்ளை பள்ளிக்குப் போய்விடும். முட்டைக்கு அது விளங்காது. அது பாட்டுக்குக் கூப்பிடும். விளைவு, வீட்டில் இருந்த அம்மாமாரும் கந்தோரில் இருந்த அப்பாமாரும் வேலைக்கு நடுவில் திரையில் மலம் அள்ளினார்கள். வீட்டில் ஏற்கெனவே எல்லாரையும் பார்ப்பவர் யாரோ, முட்டையும் கடைசியில் அவரிடம்தான் போய்ச் சேரும் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

1997இல் பொருளியலுக்கான 'இக் நோபல்' பரிசு யொகோய்க்கும் மாய்தாவுக்கும் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கும் வேலைகளுக்குக் கொடுக்கும் பகிடிப் பரிசு அது. இல்லாத மிருகங்களை வளர்ப்பதற்காக உலகத்தின் பல மில்லியன் மணித்தியால உழைப்பைத் திசைதிருப்பியதற்காக என்று காரணம் சொன்னார்கள். பகிடிதான். ஆனால் வளர்ப்பை உழைப்பு என்றும் அதற்கு மணித்தியாலக் கணக்கு உண்டு என்றும் பகிடிக்காரர்கள் சொன்ன அளவுக்குப் பொருளியல் பாடப் புத்தகங்கள் சொல்வது குறைவு.

இந்த இடத்தில் எங்கட பக்கத்தையும் ஒருதரம் பார்க்கவேண்டும். தமகோச்சி உலகம் சுற்றிய அதே 1997இல் வன்னி பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 'உலகத்தையே பிடித்த பொம்மை' என்று எழுதும்போது அந்த உலகத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பற்றரி முடிந்து முட்டை செத்ததற்குப் பிள்ளைகள் அழுதது பற்றரி கடையில் கிடைத்த ஊர்களில்.

செத்த பிறகு

அழுதது உண்மை. யப்பானியப் பதிப்பில் சாவு வந்தால் ஒரு கல்லறையும் பக்கத்தில் ஆவியும் தெரியும். ஆங்கிலப் பதிப்பில் அதைக் கொஞ்சம் மென்மையாக்கிச் சிறகுள்ள தேவதையாக மாற்றினார்கள். பிள்ளைகள் ஏமாறவில்லை, செத்ததென்றால் செத்ததுதான். இணையத்தில் தமகோச்சி நினைவுப் பக்கங்கள் தோன்றின. இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் ஒரு செல்லப்பிராணி இடுகாட்டில் இவற்றைப் புதைக்கவும் இடம் ஒதுக்கினார்கள்.

மனிசர் இயந்திரங்களுடன் கொள்ளும் உறவை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஷெரி டேர்க்கிள். 2011இல் வந்த தன்னுடைய நூலில் அவர் தமகோச்சிப் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுகிறார். அவர் வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: ஒரு பொருள் எவ்வளவு புத்திசாலி என்பதால் நாங்கள் அதில் ஒட்டுவதில்லை. அது எங்களிடம் பராமரிப்புக் கேட்கிறது, நாங்கள் கொடுக்கிறோம், கொடுத்ததால் ஒட்டிப்போகிறோம். அம்மாமாருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்பீர்கள். 512 புள்ளிக்கும் இது பொருந்தும் என்பதுதான் புதினம்.

சந்தைக்கும் சாவு வந்தது. ஆக்கள் வாங்க முண்டியடிக்கிறார்கள் என்று பண்டாய் உற்பத்தியைக் கூட்டியது. கூட்டி முடிய ஆசை அடங்கிவிட்டது. விற்காத முட்டைகள் களஞ்சியத்தில் தேங்கி, கொம்பனிக்குப் பெரிய நட்டம். 2004இல் அகச்சிவப்புக் கதிரால் ஒன்றோடொன்று பேசி, கலியாணம் கட்டி, பிள்ளை பெறும் புதிய தமகோச்சியுடன்தான் அது மீண்டு வந்தது.

வாரிசுகள்

தமகோச்சியின் உண்மையான வாரிசுகளைப் பொம்மைக் கடையில் தேடினால் காணேலாது. 2009இல் பேஸ்புக்கில் வந்த 'பாம்வில்' விளையாட்டில் நேரத்துக்கு அறுவடை செய்யாவிட்டால் பயிர் வாடிப்போகும். ஸ்னாப்சட்டில் இரண்டு நண்பர்கள் நாள் தவறாமல் படம் அனுப்பினால் பெயருக்குப் பக்கத்தில் நெருப்பு எரியும். ஒரு நாள் விட்டால் அணையும். அணைந்ததை இப்போது காசு கட்டி மீட்கலாம். மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலி 2025 பெப்ரவரியில் தன்னுடைய பச்சை ஆந்தை செத்துவிட்டது என்று அறிவித்து, பாடம் படித்தால் அது உயிர்த்து வரும் என்று விளம்பரம் செய்தது. அதைச் செய்தவர்களுக்குத் தமகோச்சியைத் தெரியாமல் இருந்திருக்காது.

இவை எல்லாம் முட்டையிடமிருந்து அழைப்பை எடுத்துக்கொண்டன. எடுக்காமல் விட்டது முடிவை. தமகோச்சி எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் ஒருநாள் சாகும். அப்போது உங்கள் பொறுப்பும் முடியும். விரும்பினால் இன்னொரு முட்டை, இல்லையென்றால் மேசை இலாச்சி. நெருப்புத் தொடருக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. நீங்கள் தோற்கலாம், முடிக்க ஏலாது. ஏசிக் கண்டிக்கும் பட்டனும் இல்லை. சும்மா கூப்பிடுகிறது என்று தெரிந்தாலும் முட்டையைப் போல அதைத் திருத்த வழியில்லை. அறிவித்தலை நிறுத்தலாம், அதையும் அமைப்புகளுக்குள் தேடிப் பிடிக்கவேண்டும். எல்லாவற்றையும்விட, முட்டை கூப்பிட்டபோது கொம்பனி ஏற்கெனவே காசை வாங்கிவிட்டது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு தரம் நாங்கள் போவதும்தான் வருமானம்.

வளர்ந்த ஆக்கள் ஏன் இந்தப் பொம்மையைத் திரும்ப வாங்குகிறார்கள் என்பதையும் இங்கிருந்து பார்க்கலாம். 2017இல் இருபதாம் வருடத்தை ஒட்டிப் பழைய முட்டையின் சின்னப் பதிப்பு வந்தது. 2023இல் வைபையில் இணையும் பதிப்பு வந்தது. 2025இல் மொத்த எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. அதே வருடம் அமெரிக்காவில் உள்ள உலக வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்திலும் தமகோச்சி சேர்க்கப்பட்டது. சிலர் வாங்குவதோடு நிற்பதில்லை. நட்டலி சில்வனோவிச் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2012இல் ஜெர்மனியில் நடந்த ஹக்கர் மாநாட்டில், தமகோச்சியைப் பிரித்து அதன் உட்புறத்தை எப்படி ஆராய்ந்தார் என்று ஒரு உரையே நிகழ்த்தினார். சிறுவயதில் தங்களுக்குப் புள்ளி போட்ட கணக்கு எங்கே எழுதியிருந்தது என்று பார்க்கும் ஆசை அது.

இதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடலாம். விற்பவர்களுக்கு ஏக்கமும் ஒரு சந்தைதான், அதுவும் சரி. ஆனால் 2018இல் முதல் பதிப்பையே ஏறக்குறைய அப்படியே திரும்ப விட்டபோதும் வாங்க ஆட்கள் இருந்தார்கள். நிறமும் இல்லை, இணையமும் இல்லை. கூப்பிட்டால் ஒரேயொரு காரணம், போனால் இரண்டு நிமிட வேலை, பிறகு அமைதி. விளம்பரம் காட்டாது. நாங்கள் எதைப் பார்த்தோம் என்று யாருக்கும் சொல்லாது. முப்பது வருடத்துக்கு முன்னர் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது என்று பாடசாலைகள் தடைசெய்த சாமான் இன்றைக்கு இருப்பவற்றில் மிகவும் அடக்கமான ஒன்றாகத் தெரிகிறது. மாறியது முட்டை இல்லை.

அடுத்த தரம் போன் கீச்சிடும்போது முட்டையிடம் கேட்டதையே அதனிடமும் கேட்கலாம்: உண்மையிலேயே பசிக்குதா, இல்லாட்டி சும்மா கூப்பிடுகிறாயா?