பொத்தானும் கண்ணீரும்

வீடியோ கேமில் ஒருவர் செத்தால் யாராவது அழுவார்களா என்று கிண்டலடிக்கும் நண்பர்களுக்காக இந்தச் சின்ன வரலாறு.

1983ல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் 'பிளானட்ஃபால்' விளையாட்டை வெளியிட்டது. உருவாக்கியவர் ஸ்டீவ் மெரட்ஸ்கி. படமே கிடையாது, திரை முழுக்க எழுத்துதான். கட்டளைகளை நாம் தட்டச்சு செய்ய வேண்டும். கூடவே வரும் ஃபிளாய்ட் என்ற குறும்புக்கார ரோபோ, நமக்குத் தேவையான ஓர் அட்டையை எடுத்துவர ஆபத்தான அறைக்குள் ஓடி, உயிரை விடுகிறது. அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் நாம்தான்!

1997ல் ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேண்டஸி 7' வெளியிட்டது. பல மணி நேரம் நாம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஏரித், மூன்று சிடிக்களில் முதலாவது முடியும்போதே கொல்லப்படுகிறாள். எவ்வளவு பலம் சேர்த்திருந்தாலும் காப்பாற்ற வழியில்லை. கையில் கண்ட்ரோலர் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்பதுதான் அங்கே வலி.

2004ல் ஹிடியோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட் 3' இதைத் தலைகீழாக்கியது. கடைசியில் நாயகன் தன் குருவையே சுட வேண்டும். வெள்ளைப் பூக்களுக்கு நடுவே அவள் கிடக்கிறாள். பொத்தானை அழுத்த வேண்டியது நாம். எனக்குக் கொஞ்ச நேரம் விரலே அசையவில்லை.

சினிமாவில் இப்படி நடந்தால் இயக்குநரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே யாரைத் திட்டுவது? பி.காம். பாஷையில் சொன்னால், பற்று நம் கணக்கில்தான்.