பருத்தி மண்டியிலிருந்து ரிசர்வ் வங்கி வரை: சர் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ்

வெளிநாட்டில் உழைப்பவர் ஊருக்குப் பணம் அனுப்பும் முன் இன்றைய ரேட் என்ன என்று பார்க்கிறார். நாணய மாற்று மதிப்பு சற்று மாறினாலும் வீட்டுக்கு வந்து சேரும் தொகை மாறிவிடும். ஒரு காலத்தில் இந்த மதிப்பை ஆங்கிலேய அரசே முடிவு செய்தது. அந்த முடிவைத் தனி ஆளாக நின்று எதிர்த்த ஒரு வியாபாரியை இங்கே பார்ப்போம்.

சர் புருஷோத்தம்தாஸ் தாக்குர்தாஸ் 1879-ல் பம்பாயில் குஜராத்தி வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டுக் குடும்பத்தின் பருத்தி வணிகத்தில் இறங்கி, நகரின் முன்னணி வியாபாரிகளில் ஒருவரானார். பிறகு பம்பாய் மாகாண சட்டசபையிலும், டெல்லியில் மத்திய சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தார்.

1925-ல் இந்திய நாணயத்தை ஆராய ஹில்டன் யங் தலைமையில் அரசுக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று மதிப்பை நிர்ணயிக்கலாம் என 1926-ல் அது பரிந்துரைத்தது. உறுப்பினர்களில் தாக்குர்தாஸ் ஒருவர் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார். 1 ஷில்லிங் 4 பென்ஸ் போதும் என்பது அவர் வாதம்.

இரண்டு பென்ஸ்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பவுன் விலைக்குப் பருத்தி ஏற்றுமதியானால், 4 பென்ஸ் கணக்கில் நம் நாட்டுக்கு 15 ரூபாய் கிடைக்கும். 6 பென்ஸ் கணக்கில் கிடைப்பது 13 ரூபாய் 5 அணா 4 பை மட்டுமே. ஆனால் விவசாயி கட்ட வேண்டிய நிலவரியும் கடனும் அதே ரூபாயில் குறையாமல் நிற்கும். வெளிநாட்டுச் சரக்கோ உள்ளூரில் மலிவாகும். நாட்டில் விலைவாசி ஏற்கெனவே புதிய மதிப்புக்கு ஏற்ப அமைந்துவிட்டது என்று கமிஷன் பதில் சொன்னது. தாக்குர்தாஸ் அதை ஏற்கவில்லை.

1927-ல் சட்டசபையில் கடும் விவாதம் நடந்தது. மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அரசின் மசோதா நிறைவேறியது. அவர் தோற்றார். ஆனாலும் அந்தக் குறிப்பு, நாணயக் கொள்கை பற்றி இந்திய வணிகர்கள் நடத்திய வாதத்துக்கு அடித்தளமானது. அதே ஆண்டில் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

தனியாக ஒரு மத்திய வங்கி வேண்டும் என்பதும் அந்தக் கமிஷனின் பரிந்துரைதான். இம்பீரியல் வங்கியையே வளர்த்தால் போதும் என்று தாக்குர்தாஸ் கருதினார். ஆயினும் 1935 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கி தொடங்கியபோது, அதன் முதல் மத்திய வாரியத்தில் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தன் யோசனை ஏற்கப்படவில்லை என்பதற்காக அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

1944-ல் டாடா, பிர்லா உள்ளிட்டோருடன் அவர் கையெழுத்திட்ட பம்பாய் திட்டம், 15 ஆண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை முன்வைத்தது. தனிநபர் வருமானத்தை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு.

அவர்மீது விமர்சனமும் உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்தவர், ஆங்கிலேய அரசின் சர் பட்டம் பெற்றவர். அதே அரசின் நாணயக் கொள்கையை அதன் கமிஷனுக்குள்ளேயே இருந்து மறுத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

1961-ல் அவர் காலமானார். சபையில் எல்லோரும் ஒரு பக்கம் நின்றாலும், கணக்கு வேறு சொன்னால் அதை எழுதி வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் அவரிடமிருந்து கற்கத்தக்க பாடம் இதுவே என்று கருதுகிறோம்.