பழைய ரைஃபிளில் குறி, கட்டை மாற்றலாமா? லேத் பட்டறையில் கொடுத்தால் என்ன ஆகும்? ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஓசூரில் சிப்காட்டைச் சுற்றி எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். வரைபடம் கொடுத்தால் போதும், எந்த உதிரிபாகத்தையும் கடைந்து கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காடுகள். யானையும் காட்டுப்பன்றியும் வயலுக்குள் வரும் ஊர்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கிகளும் அடிக்கடி சிக்குகின்றன.

இந்த இரண்டு உலகமும் சந்திக்கும் இடத்தில்தான் சிக்கல். "தாத்தா காலத்து ரைஃபிள், குறி சரியா இல்ல, கட்டை உடைஞ்சிருக்கு, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று யாராவது கேட்டால் பட்டறைக்காரர் என்ன செய்ய வேண்டும்? உரிமம் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறி, கட்டை என்றால் என்ன?

என்சிசியில் இருந்தவர்களுக்கு இது தெரியும். குழலின் முனையில் நிற்கும் சிறு தகடு 'ஃபோர்சைட்'. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது 'பேக்சைட்'. இரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவதுதான் குறிபார்ப்பது. தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி கட்டை; 'பட்' என்றும் சொல்வார்கள்.

பார்க்க எளிமையாக இருந்தாலும் இரண்டுமே நுணுக்கமானவை. ஃபோர்சைட் அரை மில்லிமீட்டர் உயரம் மாறினாலும் 100 மீட்டர் தூரத்தில் குண்டு பல சென்டிமீட்டர் விலகிவிடும். அதனால்தான் லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு வெவ்வேறு உயரங்களில் ஃபோர்சைட் தகடுகள் இருந்தன. ஆளின் கை நீளத்துக்கு ஏற்ப அதன் கட்டையும் நான்கு அளவுகளில் வந்தது. மாற்றுவது படையின் ஆயுதப் பணியாளர் வேலை, வீட்டில் உட்கார்ந்து செய்வது அல்ல.

இந்தியாவே மாற்றி அமைத்த ரைஃபிள்

மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை இதற்கு நல்ல உதாரணம். முதலில் அங்கே .303 லீ என்ஃபீல்டு ரைஃபிள்கள் தயாராயின. 1960-களில் அதே வடிவமைப்பை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றினார்கள். 2,000 வரை எண் போட்டிருந்த பேக்சைட், '2ஏ1' ரகத்தில் 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 800 மீட்டர்தான் நடைமுறைக்கு ஏற்ற தூரம் என்பதுதான் காரணம்.

பழைய .303 ரைஃபிள்களும் நெடுங்காலம் போலீஸ் கையில் இருந்தன. உத்தரப் பிரதேச காவல்துறை அவற்றுக்கு விடை கொடுத்ததே 2020 ஜனவரி 26-ம் தேதிதான்.

பொதுமக்கள் அதே ரைஃபிளை வைத்திருக்கலாமா? சாதாரண உரிமத்தில் முடியாது. .303, 7.62 ஆகியவை தடை செய்யப்பட்ட அளவில் வருகின்றன. ராணுவத் தோட்டா வெளியே போகக் கூடாது என்ற எண்ணம் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலிருந்தே தொடர்கிறது. அதனால்தான் லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே, வேறு தோட்டாவுக்காக, கட்டையைச் சுருக்கி .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை இஷாப்பூர் தொழிற்சாலை பொதுமக்களுக்காகத் தயாரிக்கிறது. இன்று உரிமதாரர்கள் கையில் இருக்கும் 'பழைய ராணுவ ஸ்டைல்' ரைஃபிள் பெரும்பாலும் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியைத் தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல. மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்குமே தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் வேறு. முதலாவது கையில் இருப்பதால் இரண்டாவதும் இருப்பதாக ஆகாது.

6-வது பிரிவு இன்னும் கடுமையானது. குழலைச் சுருக்குவதும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும் உரிமமின்றி செய்யக் கூடாதவை. துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணை அழிப்பதும் குற்றம். சத்தத்தைக் குறைக்கும் கருவியைச் சட்டம் துணைப்பொருளாகப் பார்ப்பதில்லை. அதுவே ஒரு துப்பாக்கியாகக் கணக்கிடப்படும்.

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். "நான் முழுத் துப்பாக்கி செய்யலையே, ஒரு பாகம்தானே கடைஞ்சேன்" என்ற பதில் எடுபடாது.

தண்டனை எவ்வளவு?

2019-ல் திருத்தம் வந்த பிறகு தண்டனைகள் கூடியிருக்கின்றன.

உரிமமின்றி தயாரிப்பது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது, குழலைச் சுருக்குவது: குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. திருத்தத்துக்கு முன் இது 3 முதல் 7 ஆண்டாக இருந்தது.

தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கியை வைத்திருப்பது: 7 முதல் 14 ஆண்டு.

சாதாரணத் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பது: 2 முதல் 5 ஆண்டு.

ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மட்டும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது.

அப்போ கட்டை உடைந்தால் என்ன செய்வது?

ஆயுதங்களைப் பழுது பார்க்க உரிமம் பெற்ற கடையில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது உங்கள் உரிமத்தைக் காட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பழுதுக்கு மேல் ஏதாவது மாற்றம் வேண்டும் என்றால், முன்கூட்டியே உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, எல்லை விவகாரம். பெங்களூரு பக்கத்தில்தானே என்று துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டிவிடாதீர்கள். உரிமம் எந்தப் பகுதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றிருந்தால், கர்நாடக மண்ணில் அது உரிமமில்லாத துப்பாக்கிதான்.

பயிரைக் காக்கத்தானே?

காட்டோர விவசாயியின் வேதனை உண்மையானது. ஒரே ராத்திரியில் ராகியும் நிலக்கடலையும் போய்விடும். பயிர்ப் பாதுகாப்புக்கு, முன்புறம் மருந்து இடிக்கும் வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பயிர்ப் பாதுகாப்பு உரிமம், வேட்டைக்கான அனுமதி ஆகிவிடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. உரிய அனுமதியின்றி சுட்டால், கையில் உரிமத் துப்பாக்கியே இருந்தாலும் வனத்துறை வழக்கு வரும்.

வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால்?

உரிமம் வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ இறந்துவிட்டால், துப்பாக்கியைப் பரணில் போட்டு வைக்கக் கூடாது. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கணும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால், தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

உரிமமே இல்லாத நாட்டுத்துப்பாக்கி என்றால், போலீஸ் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாமாக ஒப்படைக்கச் சொல்லி காவல்துறை அவ்வப்போது கிராமங்களில் அறிவிப்பதுண்டு. தயக்கம் இருந்தால் ஊர்ப் பெரியவரையோ வழக்கறிஞரையோ கூட அழைத்துப் போங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. குழல் மாதிரி, ட்ரிக்கர் மாதிரி ஏதாவது சாம்பிள் கொண்டுவந்து, "எதுக்குன்னு கேட்காதீங்க, காசு கூடவே தர்றேன்" என்று யாராவது சொன்னால், அந்த வேலையைத் தொடாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சில நூறு ரூபாய் கூலிக்காக ஏழு வருஷம் சிறையில் இருக்கும் நிலை வரக் கூடாது.