ஒற்றியூர்க் கற்கள் யாரைப் போற்றின?

ரோமாபுரியின் பழைய பொதுமன்றத்திலே, கி.பி. 203-ல் செவேரசுப் பேரரசனுக்கு வெற்றி வளைவொன்று எழுந்தது. அவன் பெயரும் மைந்தர் இருவர் பெயரும் வெண்கல எழுத்துகளாய் அதன் நெற்றியிலே மின்னின. 211-ல் தந்தை மறைந்தான். சில திங்களுக்குள் மூத்தவன் கரகல்லா, இளையவன் கெட்டாவைக் கொல்வித்தான். கொன்றதோடு அமைந்தானா? இல்லை, வளைவிலிருந்தும் தம்பியின் பெயரைப் பெயர்த்தெறிந்து, அவ்விடத்தைப் புகழ்மொழிகளால் நிரப்பினான். பழைய எழுத்துகள் பொருந்தியிருந்த துளைகள் இன்றும் அவனைக் காட்டிக் கொடுக்கின்றன!

அரச குடும்பத்தைக் கல்லிலே போற்றும் கலை ரோமருக்கு மட்டும் உரியதோ? சரக்கு லாரிகள் சாரிசாரியாய்ச் செல்லும் நம் திருவொற்றியூருக்கு வாருங்கள், தோழர்களே! ஆதிபுரீசுவரர் கோயில் கல்வெட்டுகளைக் காண்போம்.

949-ல் தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனுடைய நண்பன் வல்லபன், சேரநாட்டினன், தோழனுடன் சாகக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனமுடைந்து துறவு பூண்டான். சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு ஒற்றியூர் மடத்துக்குத் தலைவனானான். நெஞ்சை உருக்கும் நட்பு! ஐயமில்லை. ஆனால், அதனைக் கூறும் கல்வெட்டு எவனுடைய ஆட்சியாண்டைத் தாங்கி நிற்கிறது? அதே போரிலே சோழரை வென்ற இராட்டிரகூட மன்னன், மூன்றாம் கிருட்டிணனின் 20-ஆம் ஆட்சியாண்டை! கச்சியையும் தஞ்சையையும் கொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட மன்னன் அவன்.

காலம் புரண்டது; சோழர் மீண்டனர். முதலாம் இராசேந்திரன் நாளிலே (1012–1044), அதே மடத்தில், அதே சதுரானனப் பட்டம் தாங்கிய பண்டிதர், அம்மன்னன் பிறந்த திருவாதிரை நாளுக்குச் சிறப்பு வழிபாடு நடக்க அறக்கட்டளை வைத்தார். வாள் கைமாறியது, வாழ்த்து வற்றவில்லை!

கருவறையைக் கல்லால் எடுத்த சிற்பியின் பெயரையும் கல்வெட்டு சொல்கிறது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். உளி பிடித்தவன் பெயர் நமக்குக் கிட்டியது அரிய பேறுதான். எனினும் அவன் பட்டத்திலும் 'சோழன்' ஏறி அமர்ந்துகொண்டானே!

பின்னாளில் பாணினியின் வடமொழி இலக்கணம் ஓதவும் இங்கே மண்டபம் இருந்தது. அதற்கு நிலமும் அளித்தனர். தமிழ் மண்ணிலே!

பிற்காலச் சோழர் கல்வெட்டு இன்னொன்று உண்டு. அதிலே நிலமல்ல, பொன்னல்ல, பெண்கள் தானப் பொருள். ஐந்து பெண்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும், கோயிலுக்கு நெல் குற்றுவதற்கென்று ஒருவர் கொடுத்திருக்கிறார். மன்னன் பிறந்த நாளைக் கொண்டாடிய அதே கோயிலிலே, அப்பெண்களின் பிள்ளைகள் பிறக்குமுன்பே அவர்கள் கைக்கு உலக்கை எழுதி வைக்கப்பட்டிருந்தது.