ரைன் நதியும் உபரி நாட்களும்

2018 அக்டோபர் 22. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் கௌப் என்ற சின்ன ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. அதற்கு முன் அங்கே அவ்வளவு குறைவாகப் பதிவானதே இல்லை. 2003ல் 35 சென்டிமீட்டர் வரை இறங்கியதுதான் அதுவரை பெரிய சேதி.

25 சென்டிமீட்டர் என்றதும் கணுக்கால் அளவு தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அளவுகோலின் பூஜ்யம் நதியின் அடித்தரை அல்ல. கௌப்பில் கப்பல் போகும் பாதையின் ஆழம், அளவுகோல் காட்டும் எண்ணைவிட ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அப்படியும் கணக்கு ஒன்றரை மீட்டரைத் தொடவில்லை. நதிச் சுற்றுலாக் கப்பல்களின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இறங்கும். பிறகு எப்படிப் போவது?

போகவில்லை என்பதுதான் பதில். அந்த இலையுதிர் காலத்தில் பல பயணிகள் பாதி வழியில் பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி, ஆழம் குறைந்த பகுதியைச் சாலையில் தாண்டி, மறுபக்கம் நின்ற இன்னொரு கப்பலில் ஏறினார்கள். சிலருக்குக் கப்பல் கரையோர ஹோட்டலாகவே ஆகிவிட்டது. ராத்திரி தூங்கக் கப்பல், பகலில் ஊர் சுற்ற பஸ். 2022 ஆகஸ்டிலும் கௌப் அளவு 30 சென்டிமீட்டரை ஒட்டி இறங்கியது, அதே கதை திரும்ப நடந்தது.

ஐரோப்பிய நதிக்கப்பல் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கப்பல் ஏறுவதற்கு முன் எத்தனை நாள், இறங்கிய பின் எத்தனை நாள் கூடுதலாக வைப்பது? கூடுதல் நாள் என்றால் கூடுதல் ஹோட்டல் வாடகை, அதனால் முதலில் வெட்டப்படுவதும் அந்த நாட்கள்தான். ஆனால் ரைனின் வரலாற்றைப் பார்த்தால், இந்த நதியில் போகிறவன் எந்தக் காலத்திலும் சில நாட்களைத் தனியாகக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது தெரிகிறது. வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறான்.

கௌப்பையே எடுத்துக்கொள்வோம். ஊருக்கு எதிரே நதியின் நடுவில் ஒரு சிறு தீவு. அதில் கல்லால் கட்டிய கப்பல் மாதிரி ஒரு கோட்டை நிற்கிறது. ப்ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் என்று பெயர் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!). 1327 வாக்கில் பவேரியாவின் லுட்விக் மன்னர் அதைக் கட்டத் தொடங்கியது அழகுக்காக அல்ல, சுங்கம் வசூலிக்க. படகுகள் நின்று, சரக்கைக் காட்டி, காசைக் கட்டிவிட்டுத்தான் நகர முடியும். ரைன் நெடுக இப்படி டஜன் கணக்கில் சுங்கச் சாவடிகள் இருந்தன. இன்று கப்பல் மேல்தளத்தில் காபி குடித்தபடி எல்லோரும் புகைப்படம் எடுக்கும் கோட்டைகளில் பல, ஒரு காலத்தில் வழிமறித்து வசூல் செய்த இடங்கள்தான்.

கொலோன் நகரம் இதற்கும் ஒருபடி மேலே போனது. 1259ல் அந்த நகரத்துக்கு 'கிடங்கு உரிமை' என்ற ஒன்று கிடைத்தது. நதி வழியாக வரும் வியாபாரி யாராக இருந்தாலும் கொலோனில் சரக்கை இறக்கி, மூன்று நாட்கள் உள்ளூர்க்காரர்கள் வாங்குவதற்கு வைக்க வேண்டும். அதன் பிறகே மேலே போகலாம். மூன்று நாள்! வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல உதாரணம். நகரம் எதையும் உற்பத்தி செய்யாமல், அடுத்தவருடைய நேரத்தை நிறுத்தி வைத்தே சம்பாதித்திருக்கிறது. இதற்கு ஒரு நியாயமும் இல்லாமல் இல்லை. கொலோனுக்கு மேலே நதி குறுகலானது, கீழே அகலமானது. இரண்டுக்கும் வேறு வேறு வகைப் படகுகள், எப்படியும் அங்கே சரக்கை மாற்றித்தான் ஆக வேண்டும். அந்த இயற்கையான நிறுத்தத்தை நகரம் சட்டமாக்கிக் காசாக்கிக்கொண்டது.

நெப்போலியன் போர்கள் முடிந்து 1815ல் வியன்னா மாநாட்டில் கூடியவர்கள் நதிப் போக்குவரத்தையும் பேசினார்கள். அதில் பிறந்த ரைன் நதிப் போக்குவரத்து ஆணையம் 1816ல் மைன்ஸ் நகரில் முதன்முறையாகக் கூடியது. இன்றும் இயங்கும் சர்வதேச அமைப்புகளில் மிகப் பழையது இதுதான் என்பார்கள். 1831ல் கொலோனின் கிடங்கு உரிமை ஒழிந்தது. 1868ல் மன்ஹைம் ஒப்பந்தம், கப்பல் ஓட்டுவதற்காக மட்டும் வாங்கிய சுங்கத்தையும் ஒழித்தது. வழிமறித்த மனிதர்கள் இப்படி ஒருவழியாக விலகினார்கள்.

அதற்குள் நீராவி வந்துவிட்டது. 1816ல் ஒரு ஆங்கில நீராவிக் கப்பல் கொலோன் வரை வந்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. 1827 மே மாதம் கொலோனுக்கும் மைன்ஸுக்கும் இடையே 'கன்கார்டியா' என்ற கப்பல் ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. சுமார் 190 கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் படகைக் கரையில் குதிரைகள் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எந்த நாள் போய்ச் சேரும் என்று படகுக்காரனாலேயே சொல்ல முடியாது. நீராவிக் கப்பலுக்கோ கால அட்டவணை இருந்தது. சுற்றுலாவை உண்டாக்கியது கப்பலைவிட அந்த அட்டவணைதான் என்று சொன்னாலும் தப்பில்லை. திரும்பும் தேதி தெரிந்தால்தானே சாதாரண மனிதன் லீவு போட்டுவிட்டுக் கிளம்ப முடியும்!

அடுத்த ஆண்டே, 1828ல், யோஹான் ஆகஸ்ட் கிளைன் என்பவர் மைன்ஸிலிருந்து கொலோன் வரையிலான ரைன் பயணத்துக்கு ஒரு கையேடு எழுதினார். அதன் துணைத் தலைப்பு 'வேகமாகப் பயணிப்பவர்களுக்கான கையேடு'. இருநூறு வருடத்துக்கு முன்பே அவசரக்காரர்கள் இருந்திருக்கிறார்கள் பாருங்கள். கோப்லென்ஸில் புத்தகக்கடை நடத்திய கார்ல் பெடெக்கர் அந்தப் புத்தகத்தை விலைக்கு வாங்கி, திருத்தி, 1835ல் வெளியிட்டார். உலகப் புகழ்பெற்ற பெடெக்கர் பயணக் கையேடுகளின் தொடக்கம் அதுதான்.

1855ல் இங்கிலாந்தின் தாமஸ் குக், பாரிஸ் கண்காட்சிக்குக் கூட்டிப்போன தன் முதல் ஐரோப்பியக் குழுவை ரைன் வழியாகச் சுற்றி அழைத்துச் சென்றார். 1860களின் கடைசியில் ஹோட்டல் கூப்பன்களையும் கொண்டுவந்தார். இத்தனை ராத்திரி, இந்தெந்த ஊர், பணம் முன்கூட்டியே. இன்றைய பேக்கேஜ் டூர் என்பது ஏறக்குறைய இதேதான்.

இடையில் ரயில் வந்தது. 1859ல் ரைனின் இடதுகரை ரயில்பாதை கொலோனிலிருந்து பிங்கன் பக்கம் வரை முழுமையானது. அதன்பின் அவசரமாகப் போக வேண்டியவர்கள் ரயிலில் போனார்கள், கப்பலில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கவே போனார்கள். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. நதியை ஒட்டியே ரயில் ஓடுவதால், கப்பல் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தவர் ரயிலேறி அடுத்த ஊரில் கப்பலைப் பிடித்துவிடலாம். கடல் கப்பலைத் தவறவிட்டவருக்கு இந்த வாய்ப்பு சுலபமாகக் கிடைக்காது.

மனிதர்களின் தடைகள் போனபின் நதியின் சொந்தத் தடைகள் பாக்கி. அவற்றையும் பொறியாளர்கள் விட்டுவைக்கவில்லை. யோஹான் காட்ஃப்ரீட் டுல்லா என்பவரின் திட்டப்படி 1817ல் தொடங்கி 1876 வரை மேல் ரைனின் வளைவுகளை வெட்டி நேராக்கினார்கள். பாசெலுக்கும் பிங்கனுக்கும் இடையே நதி 81 கிலோமீட்டர் சுருங்கியது. (1828லேயே காலமான டுல்லா அதைப் பார்க்கவில்லை.) 1992 செப்டம்பரில் 171 கிலோமீட்டர் நீள மைன்-டான்யூப் கால்வாய் முழுமையாகத் திறக்கப்பட்டது. 793ல் சார்லமேன் பேரரசர் வெட்ட முயன்ற இணைப்பு, ஏறத்தாழ 1200 ஆண்டு கழித்துப் பெரிய கப்பல்களுக்கு ஏற்றபடி கைகூடியது. ஆம்ஸ்டர்டாமில் ஏறி புடாபெஸ்டில் இறங்கும் இரண்டு வாரப் பயணம் இன்று விற்கப்படுவதே இந்தக் கால்வாயின் புண்ணியத்தில்தான். கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரம் வரை கப்பல் 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டு அறைகளில் படிப்படியாக ஏறி, பிறகு இறங்குகிறது. அந்த அறைகளின் அகலம் 12 மீட்டர். அதனால்தான் இந்தக் கப்பல்கள் 135 மீட்டர் நீளமும் பதினொன்றரை மீட்டருக்கும் குறைவான அகலமுமாக, புடலங்காய் மாதிரி இருக்கின்றன.

இத்தனை செய்தும் மழையையும் பனியையும் அட்டவணைக்குள் அடக்க முடியவில்லை. டான்யூபில் ஷ்ட்ராவ்பிங் முதல் ஃபில்ஸ்ஹோஃபன் வரை சுமார் 70 கிலோமீட்டருக்கு அணை எதுவும் இல்லை, நீர் குறைந்தால் முதலில் சிக்குவது அங்கேதான். நீர் கூடினாலும் வம்பு. 2013 ஜூன் 3 அன்று பாஸ்ஸாவ் நகரில் டான்யூப் 12.89 மீட்டர் வரை ஏறியது. 1501க்குப் பிறகு அவ்வளவு பெரிய வெள்ளம் அங்கே வந்ததில்லை. அப்போது கப்பலுக்குப் பிரச்சினை தரை அல்ல, பாலம். தண்ணீரோடு கப்பலும் உயர்வதால், மாலுமி அறையைக் கீழே இறக்கினாலும் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. பொதுவாகப் பனி உருகும் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வெள்ள பயம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வறட்சி பயம்.

சரி, உபரி நாட்களுக்கு வருவோம். முன்னால் வைக்கும் நாட்களும் பின்னால் வைக்கும் நாட்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன்நாட்கள் விமானத்துக்கு எதிரான காப்பு. இணைப்பு விமானம் தவறலாம், பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம். இதற்கு இரண்டு இரவுகள் தாராளம், கப்பல் ஏறும் ஊரிலேயே தங்கினால் போதும். பின்நாட்கள் நதிக்கு எதிரான காப்பு. புடாபெஸ்டில் முடிய வேண்டிய பயணம் வியன்னாவிலேயோ பாஸ்ஸாவிலேயோ நின்றுபோகலாம். கம்பெனி பஸ் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கும் என்றாலும், பார்க்க நினைத்த ஊர் கையை விட்டுப் போயிருக்கும். இறங்கிய அன்று மாலையே விமானம் என்று டிக்கெட் எடுத்தவர் அதை இழந்தது இழந்ததுதான். மூன்று நாள் கையில் உள்ளவர் ரயிலேறி (வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கும் குறைவு) விட்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கடைக்காரர் வைத்திருக்கும் பஃபர் ஸ்டாக் மாதிரி, லாரி சரியாக வரும் மாதங்களில் அது வீணாகத்தான் தெரியும்.

பெரும்பாலோர் முன்னால் மூன்று நாளும் பின்னால் ஒரு நாளும் வைக்கிறார்கள். போகும்போது உற்சாகம், திரும்பும்போது வீட்டு ஞாபகம் என்று காரணம் புரிகிறது. ஆனாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் இதைத் திருப்பிப் போடுவதே புத்திசாலித்தனம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதுதான் விசா. ஷெங்கன் ஒப்பந்தம் 1985 ஜூன் 14ல் கையெழுத்தானதே ஒரு நதிக்கப்பலில்தான். லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மொசெல் நதியில் நின்ற 'பிரின்செஸ் மாரி-ஆஸ்ட்ரிட்' என்ற கப்பல் அது. இன்று அந்த விசாவில் இரண்டு விஷயங்கள் குழப்பப்படுகின்றன. விசா செல்லுபடியாகும் தேதிகளுக்கு வழக்கமாக 15 நாள் சலுகை சேர்த்துத் தருவார்கள். ஆனால் தங்கும் நாட்களின் எண்ணிக்கை விண்ணப்பத்தில் கேட்டதுதான். 12 நாள் கேட்டு வாங்கியவர், தேதி மிச்சம் இருக்கிறதே என்று 13ஆம் நாள் தங்கினால் விதிமீறல். நதி தாமதப்படுத்தினால் எனக்கு ஏது நாள் என்று அப்போது யோசித்துப் பயனில்லை. உபரி நாட்களை விண்ணப்பிக்கும்போதே, ஹோட்டல் முன்பதிவோடும் அந்த நாட்களுக்கும் சேர்த்த மருத்துவக் காப்பீட்டோடும் (குறைந்தது 30,000 யூரோ) கேட்டுவிட வேண்டும்.

உபரி நாட்கள் தூதரகத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாசெலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போகும் ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக ஜெர்மனியே முந்தும். முன்னால் லூசெர்ன், சூரிக் என்று ஐந்து நாள் சேர்த்தால் கணக்கு ஸ்விட்சர்லாந்து பக்கம் சாய்ந்துவிடும். டான்யூபில் செர்பியா வழியாகப் போகிறவர்கள் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய், ருமேனியாவிலோ பல்கேரியாவிலோ மறுபடி உள்ளே வருகிறார்கள். 2025 ஜனவரி முதல் அந்த இரண்டு நாடுகளும் ஷெங்கனில் முழுமையாகச் சேர்ந்துவிட்டதால், அவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும்.

கௌப்பின் இன்றைய நீர்மட்டத்தை ஜெர்மன் நீர்வழித் துறை இணையத்தில் வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிரே இருக்கும் சுங்கக் கோட்டை இப்போது அருங்காட்சியகம். ஊரிலிருந்து சின்னப் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தப் படகும் நீர்மட்டம் ஒத்துவரும் நாளில்தான் ஓடும்.