சட்டசபையும் தோட்டத்து மண்ணும்

ஒருவர் பல்லாண்டு சட்டசபையில் அங்கம் வகித்தாரென்றால், எத்தனை முறை வென்றார், எந்தப் பதவியில் அமர்ந்தார் என்று எண்ணிப் புகழ்வதோ இகழ்வதோ நம்மவர் வழக்கமாயிருக்கிறது. அது அறிவுக்கு உதவாத வழக்கம். அவர் வீற்றிருந்த சபைக்கு இருந்த அதிகாரம் யாது, அதைக்கொண்டு செய்தது யாது, செய்ய முடியாது போனது யாது என்று வினவுவதே சரித்திர ஆராய்ச்சியாகும். 2008 முதல் 2023 வரை 15 ஆண்டுகள் பினாங்குச் சட்டசபையில் பிறை தொகுதியின் அங்கத்தினராகவும், மாநிலத்தின் இரண்டாம் துணை முதன்மந்திரியாகவும் இருந்த பேராசிரியர் பி. இராமசாமியின் பொதுவாழ்வை இம்முறையில் நோக்குவோம்.

1949 இல் பேராக் மாநிலத்துச் சித்தியவானில் பிறந்த அவர், மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தவர். தோட்டத் தொழிலாளர், தொழிற்சங்கம், மூலதனம், அரசு ஆகிய நான்கிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1994 இல் வெளிவந்தது. 2007 நவம்பர் 25 இல் கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அக்கொதிப்பு ஆறுமுன்னரே 2008 மார்ச் 8 தேர்தல் வந்தது. ஜனநாயக செயல் கட்சியின் சார்பில் நின்ற அவர் பிறையில் வென்றதோடு, பத்து காவான் பாராளுமன்றத் தொகுதியில், 1990 முதல் முதன்மந்திரியாயிருந்த கோ சூ கூனை 9,485 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். சட்டசபையின் 40 ஸ்தானங்களில் 29 எதிரணிக்குக் கிடைத்தன. இந்நாட்டில் ஓர் இந்தியர் மாநிலத் துணை முதன்மந்திரியானது அதுவே முதல் தடவை.

பிறையும் பத்து காவானும் அமைந்த பெருநிலப் பகுதியில், 19 ஆம் நூற்றாண்டில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் நம் முன்னோர் கப்பலேற்றிக் கொணரப்பட்டனர். அவர்தம் சந்ததியார் வாக்களித்துத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி நூல் செய்தவரையே அதிகாரத்தில் அமர்த்தியது சிறிய செய்தியன்று. ஆயினும் அரசியற் சட்டம் தொழிலாளர் நலத்தையும் கல்வியையும் மத்திய சர்க்காரிடம் ஒப்படைத்திருக்கிறது. மாநிலத்திற்கு விட்டது நிலம். கூலியைப் பற்றி ஆராய்ந்தவர், கூலியைத் தொட அதிகாரமில்லாத சபையில் அமர்ந்தார்.

அதனால் நிலம் அற்பமென்று கருதலாகாது. பெரட்டுக்களத்தில் பேர் பதியும் கிராணிமார் அறிவர்: ஆளுக்கும், மரத்துக்கும், பாலுக்கும், கூலிக்கும் புத்தகத்தில் இடமுண்டு, வேலை முடிந்தபின் அவன் எங்கே குடியிருப்பான் என்பதற்கு இடமில்லை. தோட்டம் கைமாறும் நாளில் லயமும் போகிறது, கோயிலும் போகிறது, பள்ளிக்கூடமும் ஆட்டங்காணுகிறது.

இதற்குச் சோதனையாக 2009 இல் குளுகோரில் கம்போங் புவா பாலா வந்தது. பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் மாடு வளர்த்து வாழ்ந்த சிற்றூர் அது. நில விற்பனைக்கு முந்திய ஆட்சியே இணங்கியிருந்தது. நீதிமன்றமும் குடியிருப்போருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வீடுகள் இடிபட்டன. சிலர் மாற்று வீட்டை ஏற்றனர், சிலர் மறுத்தனர். பழியோ புதிய ஆட்சியின்மேல் விழுந்தது. நம்மவர் ஒருவர் மந்திரியாயிருப்பது வேறு, நம் காலடி மண்ணுக்குப் பட்டா இருப்பது வேறு என்பதை அந்நாள் உணர்த்திற்று. 2014 இல் பத்து காவானையும் தீவையும் 24 கிலோமீட்டர் நீளப் பாலம் இணைத்தது. அப்பாலம் வந்தபின் அம்மண்ணின் விலை உயர்ந்ததேயன்றி, பட்டாவின் அவசியம் குறையவில்லை.

கல்வியில் நடந்ததும் கருதத்தக்கது. 1816 இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் முதற்படி. இம்மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. கல்வி மாநிலத்தின் பொறுப்பன்றெனினும், அவற்றிற்கு ஆண்டுதோறும் மானியம் வழங்கப்பட்டது. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்று வேண்டுமென்ற அவரது முயற்சியோ பதவிக்காலத்தில் கைகூடவில்லை.

அவர் தலைமையிலிருந்த இந்து அறப்பணி வாரியம் 2017 தைப்பூசத்தில் பொன்ரதம் ஓட்டிற்று. நகரத்தாரின் வெள்ளிரதம் 1894 முதலே ஓடிக்கொண்டிருந்தது. உயர்கல்வி மாணவருக்கு வாரியம் பொருளுதவி செய்ததை மறைப்பது நேர்மையன்று. எனினும் தேர் இரண்டாயிற்று, இடைநிலைப்பள்ளி ஒன்றாகவில்லை என்பதைப் பகுத்தறிவுடையோர் சிந்திக்கவேண்டாமா? ரதத்துக்கு மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டியதில்லை, பள்ளிக்கு வேண்டும். எளியதில் போட்டியிட்டோம், அரியதில் ஒன்றுபடவில்லை. இக்குற்றம் ஒரு மனிதரைச் சார்ந்ததன்று. சமூகம் முழுவதையும் சாரும்.

2023 ஆகஸ்ட் 12 தேர்தலில் கட்சி அவரை மீண்டும் நிறுத்தவில்லை. அவர் கட்சியினின்றும் விலகி, ‘உரிமை’ என்னும் பெயரால் புதுக்கட்சி காண முனைந்தார். கட்சி கொடுத்த நாற்காலியைக் கட்சியே எடுத்துக்கொள்ளும். ஒருவன் பெயரில் பதிந்த மனையை அங்ஙனம் எடுத்துக்கொள்ள இயலாது. ஆதலின், இனி வாக்குக் கேட்டு வருவோரிடம், நம்மவருக்கு எந்தப் பதவி கிடைக்கும் என்று கேட்பதை விடுத்து, தோட்டத்தை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு எத்தனை அடி நிலம் யார் பெயரில் எழுதப்படும் என்று கேட்போமாக. மாநிலச் சட்டசபையால் விடையளிக்கக்கூடிய கேள்வி அதுவே.