போதை வணிகர் பொறுப்புச் சட்டம்: தெருமுனையிலிருந்து மருந்து நிறுவனம் வரை

போதைப்பொருள் விற்றவரைச் சிறைக்கு அனுப்புவது அரசின் வேலை. அவரால் சீரழிந்த குடும்பம் அவரிடமே இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கான விடை மதுக்கடையில் தொடங்குகிறது.

பொதுச்சட்ட மரபில் மது விற்றவர் எளிதில் தப்பிவிடுவார். கேடு வந்தது குடித்ததால்தான், விற்றதால் அல்ல என்பதே வாதம். 19ஆம் நூற்றாண்டின் மதுக்கடைப் பொறுப்புச் சட்டங்கள் இதை உடைத்தன. விஸ்கான்சின் மாநிலம் 1849இலேயே கடைக்காரரிடம் பிணைப்பத்திரம் எழுதி வாங்கியது; குடியால் நொடித்தவர்கள், விதவைகள், அநாதைகள் ஆகியோரின் பராமரிப்புச் செலவை அவர் தலையில் கட்டியது. கடைக்காரருக்கு உரிமமும் முகவரியும் சொத்தும் இருந்தன. கொக்கெய்ன் விற்பவருக்கு முதல் இரண்டும் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், பாதிப்பை உண்டாக்கிய பொட்டலம் யார் கையிலிருந்து வந்தது என்று நிரூபிப்பது.

வழியைக் காட்டியது ஒரு மருந்து வழக்கு. கருச்சிதைவைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்கு டி.இ.எஸ். என்ற மருந்து கொடுக்கப்பட்டது; அவர்களுடைய மகள்களில் சிலருக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்தது. தாய் சாப்பிட்ட மாத்திரையைத் தயாரித்தது எந்த நிறுவனம் என்று மகளால் சொல்ல முடியவில்லை. 1980இல் சிண்டெல் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சந்தையில் அவரவர் பங்கின்படி நிறுவனங்களைப் பொறுப்பாக்கலாம் என்றது.

ஹவாயில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞராக இருந்த டேனியல் பென்ட், இந்தச் சந்தைப் பொறுப்பைப் போதை வணிகத்துக்குப் பொருத்தி 1990களின் தொடக்கத்தில் ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார். அதில் விற்றவரையும் பாதிக்கப்பட்டவரையும் நேரடியாக இணைத்துக் காட்டத் தேவையில்லை. அதே பகுதியில், அதே காலத்தில், அதே வகைப் போதைப்பொருளை விற்றார் என்று காட்டினால் போதும். பகுதியை வரையறுத்த விதம்தான் விசித்திரம். ஓர் அவுன்ஸுக்கும் குறைவாக விற்றவருக்கு அவர் தொழில் நடத்திய சட்டமன்றத் தொகுதியே சந்தை. அளவு கூடக்கூட அண்டைத் தொகுதிகளும் சேரும். 4 அவுன்ஸோ அதற்கு மேலோ விற்றவருக்கு மாநிலம் முழுவதுமே சந்தை. பெற்றோர், பிள்ளைகள், முதலாளி, சிகிச்சைச் செலவைச் சுமந்த அரசு அமைப்பு எனப் பலரும் வழக்குத் தொடுக்கலாம். போதைக்கு ஆளானவரும் தொடுக்கலாம். ஆனால் தனக்குச் சரக்கு வந்த வழியைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் வழக்குக்கு 6 மாதம் முன்பே காவல்துறையிடம் சொல்லியிருக்க வேண்டும். இழப்பீட்டுச் சட்டத்துக்குள் துப்பறியும் வேலையையும் நுழைத்துவிட்டார் பென்ட்!

மிச்சிகன் 1994இல் இதை ஏற்றது. மறு ஆண்டே வெய்ன் கவுண்டியில், போதைப் பாதிப்போடு பிறந்த குழந்தைக்கும் டெட்ராய்ட் நகருக்குமாக 87 லட்சம் டாலர் தீர்ப்பானது. ஆனால் டிக்ரி வாங்குவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. பிடிபட்டவரின் சொத்தைப் பறிமுதல் சட்டத்தின் கீழ் அரசே எடுத்துக்கொள்ளும். காப்பீட்டு நிறுவனம் அவருக்காகப் பணம் கட்டக் கூடாது என்று மாதிரிச் சட்டமே தடுக்கிறது. நிரூபணச் சிக்கலைத் தீர்த்த சட்டம் வசூல் சிக்கலைத் தீர்க்கவில்லை. பல மாநிலங்களின் ஏடுகளில் ஏறியும் வழக்குகள் அரிதாகவே வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

டென்னஸி 2005இல் இயற்றிய சட்டம் எதிர்பாராத பக்கம் திரும்பியது. ஓபியாய்டு மாத்திரைகள் கள்ளச்சந்தைக்குப் போவது தெரிந்தே அவற்றைக் கொண்டுவந்து குவித்ததாகப் பர்டியூ, எண்டோ உள்ளிட்ட மருந்து நிறுவனங்கள் மீது வழக்குகள் வந்தன. எஃப்லர் வழக்கில் 2020 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், மாவட்ட அரசு வழக்கறிஞர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்றது. ஆனால் தாய் வயிற்றிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் வழக்கு தொடரலாம் என்றது. உரிமம் பெற்று, கணக்கு எழுதி விற்பவரும் இச்சட்டத்தின் கீழ் பிரதிவாதி ஆகலாம் என்றானது. பிரதிவாதிக்கு மறுபடியும் முகவரியும் சொத்தும் வந்துவிட்டன.

சல்லிவன் கவுண்டியின் இணை வழக்கில், ஆவணங்களை மறைத்ததற்குத் தண்டனையாக எண்டோவின் பொறுப்பை நீதிமன்றம் விசாரணையின்றியே முடிவுசெய்தது. 2021இல் அந்நிறுவனம் 3.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது. அதனால் நிறுவனம் அறிந்தேதான் சந்தையில் இறங்கியதா என்பதை நடுவர் குழு எடைபோடவே இல்லை. அடுத்த ஆண்டு எண்டோ திவால் மனு தாக்கல் செய்தது; பர்டியூ 2019இலேயே அந்த வழிக்குப் போயிருந்தது.